நாக்கைத் தாண்டாதவன்

கொழகொழவென்று இருக்கும் எதுவும் எனக்கு ஆகாது. வெண்டைக்காய் முறுகலாக வதங்கி, தன் பூர்வீகத்தையே மறந்திருந்தால்தான் என் தட்டுக்கு வரலாம். அவித்த முட்டையில் வெள்ளைக்கரு லேசாக ஆடினாலும் எழுந்துவிடுவேன். மழைக்காலத்தில் குளியலறைச் சுவரில் ஒரு நத்தை ஏறினால், சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் ஆறு பேருக்கு மேலாளனான இந்த நாற்பத்தொன்பது வயது ஆண்மகன், இடுப்புத் துண்டோடு வெளியே வந்து மனைவியைக் கூப்பிடுவான். அவள் ஒரு காலண்டர் தாளில் அதை ஏற்றி வெளியே விட்டுவிட்டு, "போயிடுச்சு, வாங்க" என்பாள். அது போன வழியில் ஒரு பளபளக்கும் கோடு இருக்குமே, அதையும் துடைத்த பிறகுதான் நான் உள்ளே போவேன்.

அரியலூர் என்னைப் போன்றவனுக்காகவே செய்த ஊர். இங்கே தூசிதான். மரத்தில் தூசி, மாட்டில் தூசி, சட்டைக் காலரில் தூசி. எல்லோரும் திட்டுவார்கள். எனக்குத் தூசி மேல் மரியாதை உண்டு. தட்டினால் போய்விடும். நூல் விடாது. பின்னாலேயே வராது.

இப்படிப்பட்ட ஒருவனைத்தான் என் மனைவி, வேற்றுக் கிரகத்தில் படுத்துக் கிடக்கும் ஒரு ஜந்துவின் வாய்க்குள் அனுப்பினாள்.

அவள் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாள். காலையில் பஸ், மாலையில் பஸ், நடுவில் எண்பது பிள்ளைகள். இதற்கெல்லாம் மேல் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்ற பெண்கள் சீரியல் பார்க்கும் நேரத்தில் இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருமில்லாத கிரகங்களில் நடப்பாள். பெரிய கம்பெனிகள் செய்யும் விளையாட்டுகளை அவள் தொடமாட்டாள். எங்கோ ஒரு ஊரில் இரண்டு பேர், மூன்று பேர், சில சமயம் ஒரே ஆள், வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்தவைதான் வேண்டும். அதில் சுட ஆள் கிடையாது. ஓட்ட வண்டி கிடையாது. கப்பல் பழுதான யாரோ ஒருவர் விண்வெளி உடையோடு ஒரு கிரகத்தில் இறங்குவார். மூட்டமாக இருக்கும். தூரத்தில் ஏதோ முனகும். அவர் நடப்பார். சுவரில் கிறுக்கியிருப்பதைப் படிப்பார். இன்னும் கொஞ்சம் நடப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, இதில் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண வேணாங்க. அங்க இருக்கணும். அவ்ளோதான்" என்றாள்.

அதற்கு எங்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கே வரலாமே, ஹெல்மெட்டும் கொடுப்பார்கள் என்று நான் சொன்னேன். இதுபோல நான் சொல்லும் எதையும் அவள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இதை மட்டும் வைத்துக்கொண்டாள். ஆலையில் குடும்பத்தாரைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போகும் நாள் வந்தபோது, மற்றவர்கள் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். இவள் சுவர்களை எடுத்தாள். படிப்படியாக இறங்கும் வெள்ளைச் சுவர்கள், அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர், கல்லுக்குள் கல்லாகிப் போன கிளிஞ்சல்கள். கடல் இருந்த இடம் இது. சோற்றுத்தட்டு அளவுக்குச் சுருண்ட ஒரு பழங்காலத்து நத்தையைக் காட்டி, "எவ்ளோ அழகு" என்றாள். கல்லாகிவிட்டதால் நான் பொறுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு இரண்டு வருஷம் அவளும் ஒரு விளையாட்டு செய்தாள். தனி ஆளாக. நில அளவைக்காரி ஒருத்தி வறண்ட வெள்ளைக் கிரகத்தில் இறங்குகிறாள். ஒரு பெரிய குழிக்குள் போகிறாள். குழியின் அடிப்பாகம் கல் இல்லை. கடல் வற்றிய நாளிலிருந்து அங்கேயே வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் ஒரு ஜந்துவின் உதடு. மொத்தம் ஏழு பகுதி. முதல் இரண்டு வெளியே. மீதி ஐந்தும் உள்ளே.

இது பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குத் தேர்வானது. சின்னச் சின்ன ஆட்கள் செய்த விளையாட்டுகளை மேஜை மேஜையாக வைத்துக் காட்டும் இடம். குறை எதுவும் இல்லாத கடைசி வடிவம் மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த மேஜை வேறு யாருக்கோ போய்விடும். அதற்கு முன்னால், இதைப் பார்த்தே இராத ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை ஆடிப் பார்த்துக் குறிப்பு எழுதித் தர வேண்டும்.

"காலேஜ்ல யார்கிட்டயும் காட்ட எனக்கு இஷ்டமில்ல. நீங்க லேப்காரரு. பாத்ததப் பாத்தபடி எழுதுவீங்க" என்றாள்.

நான் மடங்கிவிட்டேன். இருபது வருஷத்தில் என் தொழிலைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. புது நோட்டு ஒன்றை எடுத்து, ஆய்வகத்தில் போடுவது போலவே கோடு போட்டேன். பகுதி, எடுத்துக்கொண்ட நேரம், பழுது, குறிப்பு.

அந்த வெள்ளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் வாலிகண்டபுரத்தில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குக் கிளம்பினாள். வேண்டுமென்றே கிளம்பினாள். அவள் பக்கத்தில் இருந்தால் நான் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தே ஆடுவேன் என்றாள். சரியான கணிப்பு. நான் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு, ஹெட்போனை மாட்டி, பத்து மணிக்குக் கிரகத்தில் இறங்கினேன்.

முதல் பகுதி சொர்க்கம். வெள்ளை வெயில், காற்று, கண்ணுக்கெட்டிய தூரம் தூசி. 'தரை மிக நன்று. உலர்ந்திருக்கிறது' என்று எழுதினேன். இரண்டாவதில் கிளிஞ்சல் சுவர்கள். 'நன்று.' மூன்றாவது பற்கள். ஒவ்வொன்றும் எங்கள் ஆலையில் சிமெண்ட் கொட்டிவைக்கும் சிலோ உயரம், மேலே மஞ்சள் படிந்து, இடுக்கில் ஏதோ அடைத்துக்கொண்டு. 'பல் தேய்க்கவில்லை' என்று எழுதினேன். அப்போது எனக்கு நகைச்சுவை மிச்சமிருந்தது.

நான்காவது பகுதி கன்னத்தின் உட்புறம். ஈரம் அங்கே ஆரம்பித்தது. சுவர் பளபளத்தது. கைவிளக்கை அடித்தால் சுவர் சற்றுப் பின்வாங்கியது. எங்கிருந்தோ சொட்டுச் சொட்டாக விழுந்தது, அதுவும் தண்ணீர் போல விழவில்லை, ஒரு வினாடி யோசித்துவிட்டு விழுந்தது. என் கால் இரண்டும் நாற்காலி மேல் ஏறியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

ஐந்தாவது, நாக்கு. அதைப் பற்றி எழுதும்போதுகூட எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, நல்ல விதமாக அல்ல. காலை வைத்தால் கணுக்கால்வரை அமுங்குகிறது. எடுத்தால் காலோடு ஒரு நூல் வருகிறது. அது நீண்டு, மெலிந்து, அறுந்து, சப்பென்று திரும்பி விழுகிறது. ஒவ்வொரு அடிக்கும் இது நடக்கிறது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு இளஞ்சிவப்பு முளைகள். நான் நடந்தால் அவை என் பக்கம் சாய்கின்றன. இதற்கெல்லாம் மேல், காதுக்குள், மிகப் பக்கத்தில், கனமான ஒரு மூச்சு. உள்ளே போகும்போது ஏதோ கொதிப்பது போல, வெளியே வரும்போது ஏதோ கிழிவது போல.

பத்து அடி வைத்தேன். ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாஷ் பேசினுக்கு ஓடினேன். மூன்று இட்லியும் சரியாகத் திரும்பி வந்தன.

முகம் கழுவிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். விபூதி பூசிக்கொண்டேன். கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் பூசினேன். திரும்ப உட்கார்ந்தேன். ஏழு அடி. மறுபடியும் எழுந்து, வீட்டில் எல்லா விளக்கையும் போட்டு, பட்டப்பகலில், ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, மூன்றாவது முறை உட்கார்ந்தேன். நான்கு அடி. ஃபேன் காற்றில் திரைச்சீலை என் முழங்கையைத் தொட்டது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் வந்து கேஸ் லீக்கா சார் என்று கேட்டார்.

மடிக்கணினியை மூடினேன். மணி பன்னிரண்டு. அவள் நான்கு மணிக்கு வருவாள். நோட்டில் மூன்று கட்டம் காலியாக இருந்தது.

அடுத்து நான் செய்ததை வேறு யாராவது செய்திருந்தால், என் ஆய்வகத்தில் அவனை நிற்க வைத்துத் தோலை உரித்திருப்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆலையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து எண்ணை எழுத வேண்டும். சோம்பேறி என்ன செய்வான், போகாமலேயே எழுதிவிடுவான். போகாதவன் எழுதும் எண் வழவழவென்று இருக்கும், பத்து, இருபது என்று முடியும். அப்படித்தான் பிடிப்பேன். பிடித்துப் பிடித்து எனக்கு எப்படி மாட்டிக்கொள்ளாமல் எழுதுவது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. நாக்கு, இருபத்து மூன்று நிமிடம், பழுது இல்லை. அடுத்து தொண்டைக் கதவு ஒன்று வரும் என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னது நினைவிருந்தது; அதற்கு, உடனே திறந்தது. ஆறாவது பகுதி, பதினேழு நிமிடம், ஒலி அருமை, ஓரிடத்தில் சற்று இருட்டு. அந்த 'சற்று இருட்டு' எழுதும்போது எனக்கே என் மேல் நம்பிக்கை வந்தது. ஏழாவது, முப்பத்தோரு நிமிடம். முடிவு மனதைத் தொட்டது.

அவள் வந்ததும் பட்டுப்புடவையை மாற்றாமல், தோளில் பையோடு, நின்றபடியே படித்தாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள்.

"நெசமாவா?"

"தொண்டை அடைச்சிடுச்சும்மா" என்றேன். அந்த அளவுக்கு அது உண்மைதான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் காபி போட்டாள். எனக்கு ஸ்ட்ராங்காக, சர்க்கரை கூட. குற்றவாளிக்கு அப்படி ஒரு காபி கொடுக்கக் கூடாது. பேச்சை மாற்ற வேண்டி, அந்த மூச்சுச் சத்தத்தை எந்த மிருகத்திடம் பிடித்தாய் என்று கேட்டேன். மிருகக்காட்சிசாலைக்கு எங்காவது போனாயா என்றும்.

"நீங்கதாங்க அது. ஞாயித்துக்கெழம சாப்டுட்டுத் தூங்குறீங்கள்ல, பக்கத்துல போன வெச்சேன்."

நாக்கில் கால் வைக்கும் சத்தம் எது என்று கேட்க நான் விரும்பவில்லை. அவளே சொன்னாள். நான் தயிர் சாதம் பிசைவது. காபியைப் பாதியில் வைத்துவிட்டேன். ஒரு மனிதனுக்கு ஒரே நாளில் தன்னைக் கண்டு தானே இரண்டு முறை குமட்டக் கூடாது.

செவ்வாய்க்கிழமை அவள் அதை இணையத்தில் ஒரு சிறிய கூட்டத்துக்கு விட்டாள். போலந்து, பிரேசில் என்று இதுபோன்ற விளையாட்டுகளில் பைத்தியமான சில வெளிநாட்டவர்கள், முன்னரே ஆடிப் பார்ப்பவர்கள். புதன்கிழமை காலை கடிதங்கள் வந்தன. எல்லோரும் புகழ்ந்திருந்தார்கள். நாக்கு பயங்கரம், நாக்கு அற்புதம், தூக்கம் வரவில்லை. பிறகு எல்லோரும் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள். தொண்டைக் கதவு திறக்கவில்லை. அரை மணி நேரம் முட்டிப் பார்த்தோம். திரும்பிவிட்டோம்.

அவள் உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள். திறந்தது. மறுபடி ஆடினாள். திறந்தது.

"எனக்கும் தெறக்குது. உங்களுக்கும் தெறந்துச்சு. அப்டின்னா செஞ்சதுல தப்பில்ல, அவங்க மிஷின்லதான் ஏதோ ஒத்து வரல" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க எப்படிப் போனீங்க? எந்தப் பக்கமா நின்னீங்க?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்.

"நேராப் போனேன். தெறந்துச்சு."

அவள் தலையாட்டினாள். கல்லூரி விடுமுறை என்பதால் புதன் முழுக்க வீட்டிலேயே இருந்தாள். தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கிய மூன்று மடிக்கணினிகள் கூடத்தில் கிடந்தன. வயர்களைத் தாண்டித்தான் நான் தண்ணீர் குடிக்கப் போனேன். ஒவ்வொன்றிலும் ஏற்றி, பிரித்து, திரும்ப ஏற்றினாள். எல்லாவற்றிலும் அவளுக்குத் திறந்தது. வெளிநாட்டுக்காரனுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை, பல் டாக்டரிடம் போயிருக்கமாட்டான் என்று நான் ஒரு ஜோக் அடித்தேன். அவள் தலையைத் தூக்காமல் சிரித்தாள். நான் பொய் சொன்ன ஒவ்வொரு மணி நேரமும் அவள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தாள், அதற்கு ஒரே காரணம் என் நோட்டில் இருந்த இரண்டு சொற்கள். உடனே திறந்தது.

வியாழன் காலை, கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது கம்ப்யூட்டர் இருக்கிறது, எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கிறேன் என்று பெரம்பலூர் கிளம்பினாள். நான் ஆலைக்குப் போனேன். என்னோடு வேலை பார்ப்பவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், என் வயதுதான், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். மதியம் அவர் ஈரல் வறுவலைத் திறந்த நேரத்தில், என் சிநேகிதர் ஒருவருக்கு இப்படி ஒரு சிக்கல் என்று ஆரம்பித்தேன். ஈரலைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"அந்த சிநேகிதரு லேப்லயா வேல பாக்குறாரு?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப அவரு கையெழுத்துப் போட்டதெல்லாம் எடுத்து நான் இன்னொரு தடவ பாக்கணுமே."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அஸ்தஃபிருல்லாஹ். சாம்பிள் எடுக்காம ரிசல்ட் எழுதுனீங்களா, நீங்க?"

"வாய்க்குள்ள போகணும் பாய்."

"யாரு வாய்க்குள்ள?"

அதை முழுதாக விளக்கினேன். நூல், முளைகள், மூச்சு எல்லாம் சொன்னேன். அவர் ஈரல் டப்பாவை மூடிவிட்டார். அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. ஆனால் அவர் என் அருவருப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாளை மாலை ஆறு மணி கடைசி என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டார்.

"போன்ல சொல்லாதீங்க. மூஞ்சியக் காட்டிச் சொல்லுங்க. ஷிஃப்ட்ட நான் பாத்துக்குறேன், போங்க."

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்க ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு பாலிதீன் பையைப் பிரித்தார். உள்ளே நுங்கு. கட்டை விரலை விட்டு நெம்பி, ஒவ்வொன்றாக வாயில் வழுக்கவிட்டார். ஒவ்வொன்றும் போகும்போது ஒரு சத்தம். முழங்கை வழியாக நீர் ஒழுகி, சீட்டில் இறங்கி, என் பேண்ட்டை நோக்கி வந்தது. "சாப்டுங்க சார், சூட்டுக்கு நல்லது" என்று ஒன்றை நீட்டினார். அது அவர் விரலில் ஆடிக்கொண்டிருந்தது. ஒத்திகை அத்தோடு முடிந்தது. மீதி வழி முழுக்க வெளியே தெரிந்த மக்காச்சோளக் காட்டையே பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கி வந்தேன். அவளிடம் சொல்ல நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் நுங்கோடு போய்விட்டன.

கல்லூரியில் ஆளே இல்லை. படியேறி ஆய்வகக் கதவைத் தள்ளினேன்.

நாற்பது திரைகள். நாற்பதிலும் நாக்கு.

வரிசை வரிசையாக, ஈரமாக, இளஞ்சிவப்பாக, எல்லா முளைகளும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. நாற்பது பெட்டியிலிருந்தும் என் குறட்டை வந்தது. ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக. என்னைப் போல நாற்பது பேர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே அறையில் படுத்திருப்பது போல. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அந்த வரிசைகளுக்கு நடுவே நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். காலையில் கட்டிக்கொண்டு போன சாப்பாடு ஜன்னலில் திறக்காமல் இருந்தது.

"என்னங்க, இங்க எங்க?" என்றாள்.

இந்தப் பக்கமாக ஒரு வேலை என்று சொல்ல வாய் தானாகவே தயாரானது. எனக்கு என் வாயைக் கண்டே குமட்டியது.

"நான் தாண்டலம்மா."

"எத?"

"நாக்க."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். அது அவள் முகத்தில் நடந்ததை நான் பார்த்தேன், அந்த அறையில் இருந்த வேறு எதையும்விட அதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"எது வரைக்கும் போனீங்க?"

"பத்து அடி. அப்புறம் ஏழு. அப்புறம் நாலு."

"முடிவு மனசத் தொட்டுச்சுன்னு எழுதியிருந்தீங்க." குரல் உயரவே இல்லை. "அந்த வரிய நான் பெங்களூருக்கு எழுதுன லெட்டர்ல போட்டேன். மொதல்ல ஆடுனவரு இப்படிச் சொன்னாருன்னு."

என்னிடம் எப்போதும் ஒரு ஜோக் இருக்கும். சாவு வீட்டில்கூட ஒன்று இருக்கும், அடக்கிக்கொண்டு நிற்பேன். அப்போது ஒன்றுமில்லை. நாற்பது குறட்டைகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

"அருவருப்பா இருந்துச்சு, நிறுத்திட்டேன்னு எழுதியிருக்கலாம்லங்க" என்றாள். "அதுக்குத்தான ரெண்டு வருசமா பண்ணேன். யாராச்சும் ஒருத்தருக்குக் கொமட்டணும்னு."

"கொமட்டுச்சு."

"சும்மா சொல்லாதீங்க. இனிமே நீங்க சொல்றத எப்படி நம்புறது?"

"வாஷ் பேசின்ல. மூணு இட்லி. எதுத்த வூட்டுக்காரரக் கேளு, கேஸ் லீக்கான்னு வந்தாரு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் போகவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் வேறொன்றும் எட்டிப் பார்த்தது. "மூணுமா?" என்று கேட்டாள். மூன்றும்தான் என்றேன். அவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது பெருமை என்று எனக்குத் தெரியும். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன்.

"இங்க வந்து உக்காருங்க" என்றாள் திரையைப் பார்த்தபடி. "இப்ப ஆடுங்க. நான் பாக்கணும்."

ஆடினேன். அவள் பின்னால் நின்றாள். பத்து அடி, இருபது அடி, நாக்கின் முடிவுவரை. பல்லைக் கடித்து, ஒரு கண்ணை மூடி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். தொண்டைக் கதவு வந்தது. இரண்டு ஈரமான மடிப்புகள், நடுவில் ஒரு கோடு. முட்டினேன். பின்னால் வந்தேன். மறுபடி முட்டினேன். திறக்கவில்லை. அந்தப் போலந்துக்காரர்களுக்கும் பிரேசில்காரர்களுக்கும் நடந்தது எனக்கும் நடந்தது.

அவள் திரையை விட்டுவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படி அசஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"

"நின்னா ஒட்டுது."

"எங்க ஒட்டுது?"

"கால்ல."

இதை நான் சொன்னபோது என் செருப்புக் கால்கள் இரண்டும் நாற்காலிக் கம்பியில் ஏறி இருந்தன. அவள் குனிந்து அவற்றைப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தான் எழுதிய வரிகளை மேலும் கீழுமாக ஓட்டினாள். நிறுத்தினாள். நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அவளே எழுதி, அவளே மறந்துபோன ஒரு வரி. வாயில் இருக்கும் பொருள் அசையாமல் கிடந்தால்தான் ஜந்து அதை விழுங்கும். ஆகவே அங்கே வருகிறவள் முப்பது வினாடி துளிகூட நகராமல் நின்றால் கதவு திறக்கும். அவளுக்கு எப்போதும் திறந்தது, ஏனென்றால் அவள் ஒவ்வொரு முறையும் அங்கே நின்று, தான் செய்த ஈரத்தையும் அதில் விழும் வெளிச்சத்தையும் ரசித்துக்கொண்டிருந்தாள். அந்த நாக்கின் மேல் முப்பது வினாடி நின்று ரசிக்கக்கூடிய மனித உயிர் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை நான் 'திறக்கவில்லை' என்றோ, 'நிற்க முடியவில்லை' என்றோ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அன்று மாலையே பிடித்திருப்பாள்.

அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

"உங்களால எவ்ளோ நேரம் நிக்க முடியும்?" என்று மட்டும் கேட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். "கூட்டிச் சொல்லாதீங்க. கொறச்சும் சொல்லாதீங்க."

கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் அந்தக் கதவின் முன் நின்றேன். காலடியில் அது லேசாக ஏறி இறங்கியது. முளைகள் சாய்ந்தன. கணுக்காலைச் சுற்றி ஏதோ மெதுவாக மூடியது. நான்கு வினாடியில் கை தானாக விசைக்குப் போய்விட்டது. மறுபடி. ஐந்து. மறுபடி. பிறகு ஆறு, ஆறு, ஏழு. ஆறாவது முறை ஏழைத் தாண்டி ஒரு துளி. அதற்குமேல் முடியாது என்று சொன்னேன், அது நிஜம். எழுந்துபோய் வராந்தாவில் நின்று, வெளியே காய்ந்து கிடந்த மைதானத்தைப் பார்த்து மூச்சு விட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் முப்பதை அழித்து ஏழு என்று போட்டிருந்தாள். அசையாமல் நிற்க வேண்டும் என்று பலகை எழுதி வைத்துவிடேன், ஜனங்களுக்குப் புரியும் என்றேன். ஜந்துவின் வாய்க்குள் யார் பலகை மாட்டுவார்கள் என்று கேட்டாள். அதற்குப் பதிலாக, ஆள் அசையாமல் நிற்கத் தொடங்கியதும் அந்த மூச்சு மெல்லத் தணியும்படி செய்தாள். நிற்பது அதற்குப் பிடிக்கிறது என்று காது வழியாகத் தெரிந்துகொள்வார்களாம். என் குறட்டையை இழுத்து இழுத்து நீளமாக்கினாள். நான் அதைக் கேட்காத தூரத்தில் உட்கார்ந்து அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பேசவில்லை. பஸ்ஸில் திரும்பினோம். நான் நின்றுகொண்டே வந்தேன், அவள் உட்கார்ந்து வந்தாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அதில் அவள் பை உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அது பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே திருத்திய கடிதமும் போனது. முதலில் ஆடியவர் பாதியில் வாந்தி எடுத்தார் என்று அதில் எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்துவிட்டு அங்கிருந்தவர்கள் மேஜையை நுழைவாசலுக்குப் பக்கத்தில் போட்டார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். அதெல்லாம் பிறகு. அனுப்புவதற்கு முன் யாராவது ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை நிஜமாகவே ஆடி முடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது நான்தான்.

ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு மதியம் ஒன்றரைக்கு உட்கார்ந்தேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, முன்னெச்சரிக்கையாக. இந்த முறை அவள் எங்கும் போகவில்லை. பக்கத்து நாற்காலியில், நோட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுதுகிற வேலை என்னிடம் இல்லை என்று அதற்கு அர்த்தம். தரை, கிளிஞ்சல், பல், கன்னம் எல்லாம் கடந்தன. நாக்கில் கால் வைத்தேன். நூல் வந்தது. நான் அவள் புடவை முந்தானையைப் பிடித்தேன். அவள் அதை உருவிக்கொண்டாள்.

"ரெண்டு கையும் தேவைங்க."

கதவு முன்னால் போய் நின்றேன். அசையவில்லை. மூச்சு மெல்லத் தணிந்தது. கணுக்கால் மூடியது. முளைகள் முகத்துக்கு மிகப் பக்கத்தில் வந்தன. ஐந்தில் என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. ஆறில் பற்கள் தந்தியடித்தன. ஏழில் அந்த இரண்டு மடிப்புகளும், நத்தை தன் ஓட்டிலிருந்து வருவது போன்ற நிதானத்தோடு, ஒரு சத்தத்தோடு விலகின. அந்தச் சத்தம் எங்கே பிடித்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

உள்ளே இருந்தது, நாக்கைச் சுத்தமான பொருளாகத் தோன்றவைத்தது. வழிந்துகொண்டிருந்தது. மஞ்சளாக. அதில் ஏதேதோ மிதந்தன, சில இன்னும் நகர்ந்துகொண்டிருந்தன.

"முடிஞ்சுதாம்மா?" என்றேன்.

அவள் நோட்டில் ஏதோ எழுதினாள். இரண்டு நாளில் முதல்முறையாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இது இரைப்பைதாங்க. இன்னும் கொடலு இருக்கு. நடங்க."